எருவுக்குக் குடை பிடித்தவன்

முன்னொரு காலத்தில், மழையையும் மன்னரையும் யாரும் எதிர்த்துப் பேசாத ஒரு நாடு இருந்தது. அந்த வருஷம் மழை கொஞ்சம் கூடுதலாகவே பெய்தது. மன்னர் சந்திரசூடருக்கு வேட்டை இல்லை, தேரோட்டம் இல்லை. வேலையில்லாமல் சாளரத்தோரம் உட்கார்ந்திருக்கும் மன்னரைப் போல ஒரு நாட்டுக்கு ஆபத்தானது வேறொன்றுமில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் மன்னருக்கு ஒரு யோசனை தோன்றியது. உடனே சபையைக் கூட்டினார்.

"என் படை ஒரே முரசுக்கு ஒரே அடி எடுத்து வைக்கிறது. குடிகள் மட்டும் ஏன் ஒருவன் இன்று, ஒருவன் அடுத்த வாரம் என்று தோன்றியபோதெல்லாம் வயலுக்கு எரு அடிக்கிறார்கள்? நாடு முழுவதும் ஒரே நாளில் எரு அடித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!"

எருவில் அழகைக் கண்ட முதல் மன்னர் அவராகத்தான் இருக்க வேண்டும். சபையிலோ எல்லாத் தலைகளும் ஆடின. அரண்மனைக் கணியர் பூஷணரின் தலை மற்றவர்களுடையதைவிட வேகமாக ஆடியது. நாள், நட்சத்திரம் பார்த்துச் சொல்பவர் அவர். பஞ்சாங்கத்தை அவர் வாசிக்கும்போதெல்லாம் மன்னர் கொட்டாவி விடுவார். விகடன் வேம்படியான் வாயைத் திறந்தாலோ மன்னர் நிமிர்ந்து உட்காருவார். அந்த வயிற்றெரிச்சல் பூஷணருக்குப் பல காலமாக ஆறவில்லை.

"தங்கள் பிறந்த நட்சத்திரம் நெருங்கி வருகிறது, அரசே. அன்று முற்பகலில் ஓர் அரிய முகூர்த்தம் இருக்கிறது" என்றார் பூஷணர்.

மன்னருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆணை அப்போதே பிறந்தது. அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அரண்மனையை ஒட்டிய அரச வயலில், ஒருவர் எருக்கூடையைத் தலையில் சுமந்து, வெறுங்காலுடன், கூடையை எங்கும் இறக்கி வைக்காமல் நடுவயல்வரை போய், அங்கே முதல் பிடி எருவை வீச வேண்டும். இதுவரை அது அரச வயலோடு முடிந்துபோகும் சடங்கு. மன்னர் இப்போது அதை நாட்டுக்கே நீட்டினார்.

"என் பிறந்த நட்சத்திரத்தன்று, கணியர் குறித்த முகூர்த்தத்தில், நடுவயலில் முதல் பிடி விழ வேண்டும். விழுந்ததும் முரசு ஒலிக்கும். முரசைக் கேட்டதும் நாட்டில் உள்ள எருக்குழிகள் எல்லாம் பொழுது சாய்வதற்குள் காலியாகி, எரு வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். இதைத் தடுப்பவர் யாராயினும் நாடு கடத்தப்படுவார்."

வேம்படியான் மேட்டுக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து அரண்மனைக்கு வந்தவன். வழக்கமாக இந்நேரம் ஏதாவது சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்திருப்பான். அன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அரசே, வயல்களில் தண்ணீர் நிற்கிறது. அன்றைக்கும் மழை பெய்தால்?" என்று கேட்டான்.

"முகூர்த்தம் மழைக்காகக் காத்திராது, விகடரே" என்று பூஷணர் இடைமறித்தார். "அரசே, 'தடுப்பவர்' என்று தாங்கள் சொன்னீர்கள். அதற்கு இப்போதே ஓர் ஆள் கிடைத்துவிட்டார் போலிருக்கிறது."

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. "என் சொல் வெளியே போய்விட்டது, வேம்படியான். அது திரும்பி வராது" என்றார். அவருக்கு இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கத் தெரியாது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறமாட்டார். நாட்டின் மழைநீரெல்லாம் சேரும் ஓடை பாய்ந்துபோகும் கிழக்கு நாட்டு அரசனுக்கு ஒரு மணி தானியம்கூடக் கப்பமாகக் கட்டமாட்டார். இரண்டாவதற்காக அவர் போரே நடத்தியிருக்கிறார்.

ஆணையைக் கேள்விப்பட்ட வேம்படியானின் அக்காள் செம்பாயி, நனைந்த சேலையோடு அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, முரசு கேட்டா நான் குழியக் காலி பண்ணணுமாமே, நெசமா?"

"நெசந்தான் அக்கா."

செம்பாயி மூடியிருந்த கையைத் திறந்து காட்டினாள். உள்ளே அவள் வயலின் செம்மண். அதை அழுத்தி உருட்டி, கையைக் கவிழ்த்தாள். மண் விழவில்லை, உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"பாத்தியா? இன்னும் பதத்துக்கு வரல. உருட்டிப் போட்டா பொலபொலன்னு உதிரணும். அப்பத்தான் எருவக் கொட்டி, கையோட ஏர் ஓட்டி மூட முடியும். இதுல கொட்டினா அத்தனையும் மழைத் தண்ணியோட ஓடைக்குப் போயிரும்." அவள் கையை மறுபடி மூடிக்கொண்டாள். "மாடு செத்த பெறகு காடு கரையெல்லாம் அலைஞ்சு பொறுக்கிச் சேத்த சாணிடா அது. வருசம் பூரா சேத்தேன். அது போச்சுன்னா இந்தத் தடவ சோளம் கெடையாது. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஊர விட்டுப் போகவேண்டியதுதான்."

வேம்படியான் சிறுவனாக இருந்தபோது அவனுக்கும் சேர்த்துக் கூழ் காய்ச்சியவள் அவள்.

"நீ ஊர விட்டுப் போகமாட்ட" என்றான்.

"ராசாவ எதுத்துப் பேசப் போறியா? வேணாண்டா. உன்னத்தான் மொதல்ல வெரட்டுவாங்க."

"எதுத்துப் பேசல. அவரு சொன்னத ஒரு சொல்லு கொறையாம செய்யப் போறேன்."

"அப்ப என் எரு போச்சு" என்றாள் செம்பாயி.

"போகாது. அந்த மண்ண மட்டும் என்கிட்டக் குடுத்துட்டுப் போ."

அன்று மாலைவரை அவன் அந்த மண்ணைக் கையில் உருட்டிக்கொண்டே திரிந்தான். பார்த்தவர்கள் விகடனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவன் அரச வயலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான். கொஞ்ச தூரம் போவதற்குள் கணுக்கால் புதைந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. காலைப் பிடுங்கிக்கொண்டு வரப்பேறினான். ஆணை பிறந்ததிலிருந்து அவன் முகத்தில் காணாமல் போயிருந்த சிரிப்பு அப்போதுதான் திரும்பி வந்தது.

மறுநாள் சபையில், முதல் பிடியை யார் வீசுவது என்ற பேச்சு வந்தது. பூஷணர் இதற்காகவே காத்திருந்தார்.

"குடியானவர் குலத்தில் பிறந்த விகடரே சுமக்கட்டும், அரசே. அவர் வயலில் தயங்கி நின்றால், தடுத்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும்."

எல்லோரும் வேம்படியானைப் பார்த்தார்கள். அவன் பணிவாகக் கைகட்டி நின்றான்.

"எனக்குக் கிடைத்த பெரும்பேறு, அரசே. ஆனால் ஒரு கவலை. முகூர்த்தம் பிறக்கும் கணம் கணியருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வரப்பில் நின்று குரல் கொடுத்து, அது மழை இரைச்சலில் நடுவயலில் நிற்கும் எனக்குக் கேட்பதற்குள் கணம் தவறிவிட்டால் என்ன செய்வது? தங்கள் பிறந்த நட்சத்திரம் அல்லவா? எனக்கு நடுக்கமாக இருக்கிறது."

மன்னருக்கும் நடுக்கம் வந்துவிட்டது. "அதுவும் சரிதான். கணம் அறிந்தவரே கூடையைச் சுமப்பதுதான் முறை. பூஷணரே, நீரே வீசும்."

பூஷணர் வாயைத் திறந்தார். தானே குறித்த முகூர்த்தத்தைச் சுமக்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் தலை ஆடியது, இந்த முறை மெதுவாக.

அந்த நாளும் வந்தது. மழை விடவில்லை. வரப்பின்மேல் வெண்கொற்றக்குடையின் கீழ் மன்னர் நின்றார். பக்கத்தில் முரசுக்காரன் கோலை ஓங்கியபடி காத்திருந்தான். பூஷணர் பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மழையில் ஊறிய எருக்கூடையைத் தலையில் ஏந்தி வயலில் இறங்கினார். கூடையிலிருந்து ஒழுகியது அவர் திருநீற்றைக் கலைத்துக்கொண்டு மூக்குவரை வந்தது. கூட்டத்தில் செம்பாயி முரசுக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முரசு ஒலித்தால் அவள் கதை முடிந்தது.

முதல் எட்டில் கணியரின் பாதம் புதைந்தது. அடுத்தடுத்த எட்டுகளில் கணுக்காலும் முழங்காலும் உள்ளே போயின. நடுவயல் இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

"நடங்கள், கணியரே. யாரும் தடுக்கவில்லை" என்று வரப்பிலிருந்து வேம்படியான் உற்சாகப்படுத்தினான்.

பூஷணர் ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் இன்னும் ஆழமாக இறங்கியது. கடைசியில் அவர் நின்ற இடத்திலேயே நட்டுவைத்த கம்பம்போல நின்றுவிட்டார். ஒரு கையால் எருவை அள்ளி நடுவயலை நோக்கி ஓங்கி வீசினார். எதிர்க்காற்று அதை அவர் மார்பிலேயே திருப்பிப் போட்டது. வீசிய வேகத்தில் அவர் சாய, கூடை சரிய, எரு மொத்தமும் சேற்றில் கவிழ்ந்தது.

முரசுக்காரன் மன்னரைப் பார்த்தான். மன்னர் வேம்படியானைப் பார்த்தார். வேம்படியான் பூஷணரைப் பார்த்து, "முகூர்த்தம் இன்னும் இருக்கிறதா, கணியரே?" என்று கேட்டான்.

கணியர் ஆயிரம் பொறாமை பிடித்தவராக இருக்கலாம். நாள் கணக்கில் மட்டும் பொய் சொல்லமாட்டார். "கடந்துவிட்டது" என்றார் சேற்றிலிருந்து. உடனே குரலை உயர்த்தினார். "அரசே, இது விகடரின் சூழ்ச்சி. என்னை நடுவயலுக்குப் போகவிடாமல் தடுத்துவிட்டார்."

மன்னரின் முகம் சிவந்தது. "வேம்படியான், இதற்கு என்ன சொல்கிறாய்?"

"நான் வரப்பைவிட்டு இறங்கவே இல்லை, அரசே. கணியரே சொல்லட்டும். ஐயா, உங்கள் காலை இப்போது பிடித்திருப்பது யார்?"

பூஷணர் குனிந்து பார்த்தார். மன்னர் உறுமவே, "வயல்" என்றார்.

"யாருடைய வயல்?"

"அரச வயல்."

வேம்படியான் மன்னரை வணங்கினான். "தடுப்பவர் யாராயினும் நாடு கடத்தப்படுவார் என்பது தங்கள் ஆணை. தடுத்தது தங்கள் வயல். அதை நாடு கடத்தத்தான் வேண்டும். அந்தச் சிரமத்தையும் மழை தங்களுக்கு வைக்கவில்லை, அதுவே கிளம்பிவிட்டது."

இதைச் சொல்லிவிட்டு, குடை பிடித்திருந்தவனின் கையிலிருந்து வெண்கொற்றக்குடையை மரியாதையாக வாங்கிக்கொண்டான். மன்னர் மழையில் நனையத் தொடங்கினார். வேம்படியான் வயலின் வடிகால் மடைக்குப் போனான். கவிழ்ந்த எரு, கலங்கிய செந்நீரோடு சேர்ந்து அந்த மடை வழியாக ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மிதந்து போகும் எருவுக்கு மேலே குடையை நீட்டிப் பிடித்தபடி, ஓடைக்கரையில் அதன் கூடவே, அரசரை அழைத்துச் செல்பவன்போல நிதானமாக நடந்தான்.

"வேம்படியான், நில். எங்கே போகிறாய்?" என்று மன்னர் நனைந்த தாடியோடு கத்தினார்.

"கிழக்கு நாட்டுக்கு, அரசே."

"எதற்கு?"

"இந்த ஓடை அங்கேதானே போகிறது. நம் நாட்டுக் கப்பம் போகும்போது குடையில்லாமல் போவது தங்களுக்கு அழகல்ல."

மன்னர் திகைத்தார். "கப்பமா? யார் அனுப்பியது?"

வேம்படியான் நின்று திரும்பினான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"இது ஒரு கூடை எரு. முரசு ஒலித்திருந்தால் இந்நேரம் நாட்டில் உள்ள அத்தனை குழி எருவும் இதே ஓடையில் போயிருக்கும், அரசே. நம் பெண்கள் வருஷம் முழுவதும் சுமந்து சேர்த்தது. கிழக்கரசன் வயலில் அது வண்டலாகப் படிந்து, அவன் சோளம் ஆள் உயரம் நிற்கும். நம் குடிகள் வெறும் நிலத்தில் விதைத்துவிட்டுப் பட்டினி கிடப்பார்கள். போர் நடத்தித் தாங்கள் கொடுக்க மறுத்த கப்பத்தை, ஒரு முரசடித்து மொத்தமாகக் கொடுத்திருப்போம்."

மன்னர் ஓடையைப் பார்த்தார். மிதந்து போகும் எருவைப் பார்த்தார். அதற்குப் பிடித்திருந்த தம் குடையைப் பார்த்தார். முழங்கால்வரை புதைந்து, நெற்றியில் திருநீறு இருந்த இடத்தில் சாணியோடு நிற்கும் பூஷணரைப் பார்த்தார். மன்னரின் தோள் குலுங்கியது. பிறகு தொப்பை குலுங்கியது. பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"குடையை மூடி எடுத்துக்கொண்டு வா. இனி ஒரு பிடிகூட எல்லை தாண்டக் கூடாது" என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, "ஆனால் என் சொல் திரும்பாதே. ஆணையை என்ன செய்வது?" என்று கவலைப்பட்டார்.

"ஆணை அப்படியே இருக்கட்டும். முரசு கேட்டதும் எரு அடிக்க வேண்டும் என்பதுதான் தங்கள் வாக்கு. முரசு கேட்காதபோது அடிக்கக் கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை. எனக்குப் பரிசு தர நினைத்தால் அந்த முரசைத் தாருங்கள்."

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, முரசையும் கொடுத்தார். பூஷணரைப் பிடுங்கி எடுக்க நான்கு ஆட்களும் ஒரு கயிறும் தேவைப்பட்டன. கரையேறியதும் அவர் தம் காலில் ஒட்டியிருந்த மண்ணைக் கொஞ்சம் விரலால் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

வேம்படியான் முரசைக் கொண்டுபோய் அக்காள் வீட்டில் வைத்தான்.

"இத எப்ப அடிக்கணும்?" என்று செம்பாயி கேட்டாள்.

"நீ சொல்லு."

"என் காட்டுக்கு வெயில் அடிச்சுக் காஞ்சதும் பதம் வந்துரும். பள்ளத்துக் காட்டுக்காரனுக்கு இன்னும் நாளாகும். எல்லாருக்கும் சேத்து எப்படிடா அடிக்கிறது?"

"அப்ப அடிக்காத."

மழை விட்டு வெயில் வந்தது. செம்பாயி மண்ணை உருட்டிப் போட்டாள்; பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றே தன் குழியைக் காலி செய்து, இரவல் மாட்டில் ஏர் ஓட்டி எருவை மூடினாள். பள்ளத்துக் காட்டுக்காரன் தன் மண் உதிரும்வரை பொறுத்திருந்தான். நாட்டில் ஒவ்வொருவரும் அவரவர் மண்ணைக் கேட்டு அடித்தார்கள்.

அறுவடைக் காலத்தில் மன்னர் அந்தப் பக்கம் வந்தார். செம்பாயியின் சோளம் அவர் குதிரையை மறைத்தது. தம் ஆணையின் முரசு எங்கே என்று ஆசையாகக் கேட்டார். செம்பாயி பயந்துகொண்டே மூலையைக் காட்டினாள். எலி தோலைக் கடித்துப் போட்டிருந்த அந்த முரசுக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மன்னரைப் பார்த்தும் அது எழுந்திருக்கவில்லை.

சந்திரசூடர் கோழிக்குக் கேட்டுவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே வந்ததும், செம்பாயிக்கு ஒரு ஜோடி உழவு மாடு ஓட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.