ஆள்காட்டி தலையாட்டலை நம்பாத கதை

பறவையும் மிருகமும் நம்மைப்போல வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கண்மாய்க்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒருத்தி இருந்தாள். சித்திரை பிறந்துவிட்டால் வீடு வீடாகப் போய் வெயிலில் எப்படி இருக்க வேண்டும் என்று புத்தி சொல்லும் வேலையை எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் கட்டியிருந்தார்கள். காரணம் ஒன்றும் பெரிதில்லை. அவளுக்குத்தான் தொண்டை பெரிது.

அவள் சொன்னதும் பெரிய சாஸ்திரம் இல்லை. உச்சிப்பொழுதில் வெட்டவெளியில் அலையாதீர்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் முன்னாலேயே தண்ணீர் குடியுங்கள். குட்டிகளையும் வயதானவர்களையும் மரத்தடியில் வையுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் நிழலுக்கு இழுத்துப் போட்டு உடம்பை நனையுங்கள். இவ்வளவுதான். இதைக் கேட்க ஒருத்தருக்கும் காது இல்லை. எனக்கா வெயில் என்று நாய் வீம்புக்கு ஓடிவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. தோகை நனைந்தால் அழகு போய்விடும் என்றது மயில். எருமை மட்டும் சொன்ன உடனே தண்ணீரில் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான், அப்புறம் எழுந்திருக்கச் சொன்னபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் இதே கூத்து. சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இவர்களையாவது நாலு திட்டு திட்டலாம். திட்டவும் முடியாத ஒருவன் இருந்தான். அவன்தான் ஓணான். கரையோரப் பாறையில் படுத்திருப்பான். அவள் வாயைத் திறப்பதற்குள் தலையை ஆட்டிவிடுவான். தண்ணீர் குடித்தாயா என்றால் ஆட்டுவான். நிழலுக்குப் போ என்றால் அதற்கும் ஆட்டுவான். "சரிக்கா, சரிக்கா" என்பான். அவள் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால், அதே பாறையில் அதே வெயிலில் அப்படியே கிடப்பான். மறுத்துப் பேசுகிறவனோடு சண்டை போடலாம். இவனை என்ன செய்வது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் அவள் நாலு முட்டை இட்டிருந்தாள். ஆள்காட்டிக்கு மரமும் கிடையாது, கூடும் கிடையாது. வெறுந்தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகத்தான் முட்டை கிடக்கும். வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கண்மாய் வற்றி மிஞ்சிய குட்டைக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்காருவாள். இப்படியே இருபத்தெட்டு நாள் ஓட்டிவிட்டாள். அன்று காலையில் முட்டைக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. நாலிலும் கேட்டது. விடிந்தால் நாலு குஞ்சு. ஊருக்குப் புத்தி சொல்லப் போகாமல் அன்று ஒரு நாள் வீட்டோடு இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

விட்டால்தானே? உச்சிவெயிலில் காகம் வந்து இறங்கியது. கிழக்குக் கரையில் கழுதைக்குட்டி மயங்கி விழுந்துவிட்டதாம், தாய்க்கழுதை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறதாம். உச்சியில் குட்டியை வெளியே விடாதே என்று அந்தக் கழுதையிடம் அவள் மூன்று முறை சொல்லியிருந்தாள். மூன்று முறை. தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பச்சைக்குட்டியாயிற்றே, போகாமல் இருக்க மனசு வரவில்லை.

முட்டையை யாரிடம் விடுவது? அவள் புருஷன் பக்கத்துக் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தான். காகத்திடம் முட்டையை ஒப்படைப்பது நடக்கிற காரியமா? எருமை எழுந்து வராது, வந்தாலும் மிதித்துவிடும். கடைசியில் பாறையடிக்குத்தான் போனாள். குட்டையில் முங்கி வந்து முட்டைமேல் உடம்பை உதற வேண்டும், கரையில் நிற்கும் வேலமரத்து நிழல் அதோ அந்த வெள்ளைக் கல்லைத் தொடுவதற்குள் மூன்று தடவையாவது செய்ய வேண்டும், இது வழக்கமாகச் சொல்கிற பேச்சில்லை, என் பிள்ளைகள் உயிர் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஓணான் தலையை ஆட்டினான். பாதியிலேயே ஆட்டத் தொடங்கியிருந்தான். அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் பறந்து போனாள்.

கழுதைக்குட்டி பிழைத்துவிட்டது. தாயைக்கொண்டே அதைப் புங்கமரத்தடிக்கு இழுக்க வைத்து, குட்டைத் தண்ணீரைக் காலால் வாரி இறைக்கச் சொல்லி, கண் திறந்த பிறகு ஒவ்வொரு மடக்காகக் குடிக்க வைத்தாள். தாய்க்கழுதை நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவள் அங்கே இல்லை.

வரும் வழியிலேயே வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தாள். நிழல் வெள்ளைக் கல்லைத் தாண்டிப் போயிருந்தது. முட்டையைச் சுற்றித் தரை சொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. பாறைமேல் ஓணான் மல்லாந்து கிடந்தான். வாய் பிளந்திருந்தது, தொண்டை ரத்தமாகச் சிவந்திருந்தது, கால் நாலும் துவண்டு போயிருந்தன. அவன் தனக்குக்கூட ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளவில்லை.

அவள் வயிற்று இறகில் ஒரு நனைப்புக்குத்தான் தண்ணீர் இருந்தது. இந்தப் பக்கம் முட்டை, அந்தப் பக்கம் இவன். முட்டைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. இவன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தான். பாவி, பாவி என்று திட்டிக்கொண்டே அவனை நிழலுக்கு இழுத்தாள். திட்டிக்கொண்டே அவன்மேல் வயிற்றைப் பிழிந்தாள். பிறகு குட்டைக்கு ஓடி நனைந்து வந்து முட்டைமேல் விழுந்தாள்.

காதை வைத்துக் கேட்டாள். ஒன்றில் டொக் என்றது. இன்னொன்றில் கேட்டது. மூன்றாவதிலும் கேட்டது. நாலாவதில் கேட்கவில்லை. நனைத்தாள், கேட்டாள். மறுபடி நனைத்தாள், மறுபடி கேட்டாள். பொழுது சாயும்வரை கேட்டாள்.

ஓணான் கண்ணைத் திறந்து, "எப்பக்கா வந்தீங்க?" என்றான்.

கத்தியே பழகியவள் அன்று மெதுவாகத்தான் கேட்டாள்.

"தம்பி, போகும்போது நான் உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?"

அவன் யோசித்தான். ஒன்றும் நினைவில்லை. அப்போதுதான் சத்தமில்லாத அந்த நாலாவது முட்டையை அவள் தனியே ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தான். தொண்டை இன்னும் சிவந்தது. மெல்லத் தலையை ஆட்டினான்.

அவன் அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. கோடை வந்தால் இன்றைக்கும் அவன் தொண்டை சிவந்துவிடும், யார் எதிரே வந்தாலும் தலையாடும். மூன்று குஞ்சோடு கரையேறிய ஆள்காட்டியும் அன்று முதல் யார் தலையாட்டலையும் நம்புவதில்லை. வெயிலில் நீங்கள் வெட்டவெளியில் போய் நின்று பாருங்கள், தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்துவாள். சரி சரி என்றால் விடமாட்டாள். உங்கள் கால் நகர்ந்தால்தான் வாயை மூடுவாள்.