கரடி டீச்சரின் வகுப்பு

குளக்கரை மருதமரத்தடியில் ஒரு பள்ளி நடந்தது. காயம்பட்ட மிருகங்களுக்கும் நோயாளிகளுக்கும் பணிவிடை செய்ய அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். பொன்னரசி என்ற கரடிதான் ஆசிரியை. வைத்தியத்தில் கெட்டிக்காரி. ஆனால் யாராவது சந்தேகம் கேட்டால் அதற்குப் பொறுக்காது.

அன்று கட்டுப் போடும் பாடம்.

"பச்சிலையை வைத்துக் கொடியால் இறுக்கிக் கட்டுங்கள்" என்றது கரடி.

"எவ்வளவு இறுக்கலாம், டீச்சர்?" என்று கேட்டது உடும்பு.

"இவ்வளவு நேரம் புத்தி எங்கே மேய்ந்தது? போய் மரத்தைப் பார்த்து நில்."

மற்றவை சிரித்தன. உடும்பு சாயங்காலம் வரை மரத்தைப் பார்த்தபடியே நின்றது.

முயல் அமுதாவுக்கும் அதே சந்தேகம்தான். பக்கத்திலிருந்த கீரியிடம் மெல்லக் கேட்டது.

"எனக்கும் தெரியாது. பேசாமல் இரு" என்றது கீரி.

"எல்லோருக்கும் புரிந்ததா?" என்று கேட்டது கரடி.

"புரிந்தது, டீச்சர்" என்றன எல்லாம். முயலும் சொன்னது.

ஒருநாள் காட்டின் தலைவியான யானை வந்து, வகுப்பு எப்படி இருக்கிறது என்று மாணவர்களை விசாரித்தது. கரடி பக்கத்திலேயே நின்றது. "நன்றாக இருக்கிறது" என்றன எல்லாம். கரடிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வாரமே ஒரு குரங்குக்குட்டி பாறையில் விழுந்து கையைக் கிழித்துக்கொண்டது. கரடி அக்கரையில் பச்சிலை பறித்துக்கொண்டிருந்தது. முயல் கட்டுப் போட்டது. ரத்தம் நின்றது.

சிறிது நேரத்தில் குட்டி முனகியது. "அக்கா, விரலெல்லாம் மரத்துப்போகுது."

கட்டைத் தளர்த்தினால் ரத்தம் மறுபடி வருமோ என்று முயல் பயந்தது.

"டீச்சரைக் கூப்பிடட்டுமா?" என்றது கீரி.

"வேண்டாம். இதுகூடத் தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் கேட்கும்."

கரடி திரும்பி வந்தபோது குட்டியின் விரல்கள் கறுத்துச் சில்லிட்டிருந்தன. அவசரமாகக் கட்டை அவிழ்த்துக் கையைத் தேய்த்துவிட்டது. மூன்று விரல்களில் உயிர் வந்தது. இரண்டில் வரவே இல்லை.

"ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தியது கரடி.

முயல் சொன்னது: "உடும்பு கேட்டதே, டீச்சர்."

கரடி மற்றவர்களைப் பார்த்து, "எவ்வளவு இறுக்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்றது. எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. வகுப்பில் முதலாவதாக வரும் மானும் குனிந்துகொண்டது.

சேதி கேட்டுக் குட்டியின் தாய் ஓடி வந்தாள். "யார் இந்தக் கட்டைப் போட்டது?" என்று கேட்டாள்.

முயல் எழுந்தது. கரடி அதை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே முன்னால் வந்தது.

"கட்டியது இவள். தவறு என்னுடையது. கேட்க வந்தவர்களின் வாயை நான் அடைத்தேன்."

தாய் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். கிளையைப் பற்ற அந்தக் கை அதற்குப் பிறகு உதவவே இல்லை.

கேள்வி கேட்பவரை அவமானப்படுத்தும் ஆசிரியருக்கு மாணவர்களின் அறியாமை தெரியாமலே போகும்; அதற்கு, வகுப்பில் இல்லாத யாரோ விலை கொடுக்க நேரும்.