களத்தில் மிஞ்சிய முதலாளி

மகள் டாக்டருக்குப் படித்து முடித்தால் ஊருக்கே சோறு போடுவதாக ரைஸ் மில் முதலாளி திருவேங்கடம் வேண்டிக்கொண்டிருந்தார். மகள் பாஸாகிவிட்டாள். நெல் காயப்போடும் களத்தில் விருந்து. பரிமாற வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து அரை மூளை. அதையும் அன்றைக்கு யாரோ வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

முதலாளி மூன்றே உத்தரவு போட்டார். போன விசேஷத்தில் சம்பந்தி வரிசையில் நாலு இலை குறைந்து மண்டை உடைந்ததால், எல்லா வரிசையிலும் ஒரே அளவு ஆள் இருக்க வேண்டும். யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது. யாரும் பசியோடு வீட்டுக்குப் போகக் கூடாது. அவரே காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை. விருந்தாளிகளோடு உட்கார்ந்துதான் விரதம் முடிப்பதாக வேண்டுதல்.

வாசலில் எண்ணினார்கள். முதலாளியையும் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொரு பேர்.

இரண்டு வரிசை போட்டார்கள். ஒருவர் மிச்சம். எல்லோரையும் எழுப்பி மூன்று வரிசை போட்டார்கள். அப்போதும் ஒருவர் மிச்சம். ஐந்து, ஏழு, பதினொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டும் அதே கதை. எல்லோரையும் வரவேற்றுவிட்டுக் கடைசியாக வந்த முதலாளிதான் ஒவ்வொரு தடவையும் இலையோடு நின்றார்.

பந்தியிலிருந்த கணக்கு வாத்தியார் சொன்னார்: "அது பகா எண்ப்பா. ஒண்ணால வகுக்கலாம், இல்ல அதாலேயே வகுக்கலாம். வேற எதுக்கும் மசியாது. எல்லாரும் ஒரே வரிசையா உட்காரணும், இல்லைன்னா ஆளுக்கு ஒரு வரிசை."

ஐவரும் கூடி யோசித்தார்கள்.

"ஆளுக்கு ஒரு வரிசைன்னா தனியாச் சாப்பிடற மாதிரி ஆயிடுமே," என்றான் தலைவன் சிங்காரம்.

"ஒரே வரிசைன்னா சுடுகாடு வரைக்கும் போகும். அங்க கடைசி இலையில யாரு உட்காருவா?" என்றான் மாசிலாமணி.

"யோசனை சொன்ன வாத்தியார்தான்," என்றான் சிங்காரம்.

வாத்தியார் இலையைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நழுவினார்.

முதலாளிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "என்னை விட்டுட்டு அவங்களுக்காவது போடுங்கடா," என்றார்.

பதினொரு வரிசை, வரிசைக்கு இருநூற்றுப் பத்துப் பேர். அச்சடித்த மாதிரி வந்தது. எல்லோரும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

முதலாளி ஓர் இலையை விரித்து உட்கார்ந்தார். சிங்காரம் இலையை மரியாதையாக உருவிக்கொண்டான்.

"தனியாச் சாப்பிடக் கூடாதுன்னு நீங்கதான முதலாளி சொன்னீங்க."

"அப்ப நான் வீட்டுக்காவது போறேன், விடுடா."

"பசியோட எப்படி விடுவோம்?" மற்ற நால்வரும் கேட்டை மறித்துக்கொண்டார்கள்.

மாசிலாமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "சோறு நிறைய மிச்சமிருக்கு. இன்னும் இருநூத்தி ஒம்பது பேர் வந்தா, முதலாளியோட ஒரு முழு வரிசை ஆயிடும்."

ஓடினார்கள். பக்கத்து ஊர்களில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். வரிசை நிறைந்தது. முதலாளி இலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என் மச்சானும் கூடவே வந்துட்டான்," என்றான் மாசிலாமணி. "வந்த விருந்தாளியை எழுப்பவா முடியும்?"

முதலாளி அப்படியே தரையில் சரிந்தார். மாசிலாமணி குனிந்து அவர் காதோரம் தேற்றினான்.

"மனசை விடாதீங்க முதலாளி. இன்னும் இருநூத்தி ஒம்பது பேர்தான்."