வெயில் பார்க்கும் கேசட்

என் மனைவி ரெஜினாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவள் என்னிடம், "தலையைத் துவட்டுங்க" என்றாள்.

பொள்ளாச்சியில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடி. பகல் பதினொரு மணி. அவள் கையில் ஒரு சின்ன விளையாட்டுக் கருவி இருந்தது. "வெளியே எவ்வளவு?" என்று கேட்டாள். "ஆறு" என்றேன். அது பொய். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தலையைத் துவட்டச் சொன்னாள். கட்டில் கம்பியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொல்ல, நான் கீழே இறங்கினேன். மூன்று மணிக்கு என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் முடிந்திருந்தது.

அந்த ஆறு என்னவென்று சொல்ல வேண்டுமானால் சிக்கந்தரிடமிருந்து தொடங்க வேண்டும்.

சிக்கந்தர் வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்கு முப்பத்தொரு வயது. எனக்கு ஐம்பத்துமூன்று. நான் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். மழைக்காலத்தில் இலை குறைந்து ஃபேக்டரி ஓடாத நாட்களில் அவர் கடையில் போய் உட்காருவேன். எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன்.

"அண்ணே, பாய்லருக்கு வைக்கிற மாதிரி ஈயம் வச்சீங்கன்னா போன் ரெண்டு கிலோ ஆயிடும்" என்றார். ஆனால் சொல்லிக்கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னை "பாயோட சிஷ்யப்பிள்ளை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குப் பல் ரெண்டு போயிருந்தது.

கடைக்கு வெளியே சிக்கந்தருக்கு ஒரு வேலை உண்டு. பழைய கையடக்க விளையாட்டுகளைத் திறந்து மாற்றி எழுதுவார். உலகம் முழுக்க இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்களாம். விளையாட்டின் மேல் உள்ள ஆசையில், காசு வாங்காமல், அதில் புதிய ஊர்களையும் புதிய ஆட்களையும் சேர்ப்பார்கள். சிக்கந்தர் அப்படி மாற்றிய ஒரு விளையாட்டு ஜப்பானிலிருந்து வந்தது. கருவியில் செருகும் அதன் கேசட்டின் தலையில் மிளகு அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண் இருக்கும். அதன் மேல் நிஜமான வெயில் விழ வேண்டும். எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு மஞ்சள் கட்டங்கள் திரையில் நிறையும். மொத்தம் எட்டுக் கட்டம். அந்த வெயிலை வைத்துத்தான் உள்ளே இருப்பவர்கள் எதையும் செய்ய முடியும்.

அதில் இருந்த பூதங்களை எடுத்துவிட்டு சிக்கந்தர் ரத்தம் உறிஞ்சும் அட்டைகளை வைத்தார். கோட்டையை எடுத்துவிட்டு டீ ஃபேக்டரியை வைத்தார். ஒரு பெண் முதுகுக் கூடையில் வெயிலைச் சுமந்துகொண்டு ஏழு கதவுகளைத் தாண்டிப் போக வேண்டும். பேச்செல்லாம் தமிழில். மேஸ்திரி திட்டுவதுகூட எங்கள் எஸ்டேட் மேஸ்திரி திட்டுவது போலவே இருந்தது.

மாற்றிய விளையாட்டை வெறும் கேசட்டில் ஏற்றினால் ஓடும். ஆனால் வெறும் கேசட்டுக்குக் கண் கிடையாது. அதனால் உள்ளே எப்போதும் இருட்டு. அந்தப் பெண் முதல் கதவிலேயே நிற்பாள். ஆகவே சிக்கந்தர் தன்னிடம் இருந்த ஒரே அசல் கேசட்டைப் பிரித்து, கண்ணை விட்டுவிட்டு, உள்ளே இருந்த சில்லை மட்டும் மாற்றினார். வால்பாறையில் கண் உள்ள கேசட் அது ஒன்றுதான்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த ரெஜினா ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தாள். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். விளையாட்டு என்றால் அவளுக்கு விளையாட்டு இல்லை. இரவல் வாங்கிக்கொண்டு வந்து, மழை விட்ட இடைவெளிகளில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு முற்றத்துப் பாறை மேல் ஏறி வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "ரெஜினாக்கா வடகம் காயப்போடுது" என்று லைனில் சிரித்தார்கள்.

ஒருமுறை அவளுக்கு உதவுவதாக நினைத்து ஃபேக்டரியிலிருந்து பெரிய பல்பு ஒன்றைக் கொண்டுவந்து கேசட்டுக்கு மேலே எரியவிட்டேன். வீடே வெளுத்தது. கட்டம் ஒன்றுகூட நகரவில்லை. அந்தக் கண் விளக்கை நம்பாது.

"விடுங்க. வெயில் எங்க போயிடப்போகுது" என்றாள்.

ஆறு கதவு தாண்டினாள். ஏழாவது கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சிக்கந்தரிடம் நான் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் ரெஜினா தடுத்துவிட்டாள். தானே திறந்து தானே பார்க்கவேண்டும் என்றாள். அந்தக் கதவுக்கு ஆறு கட்டம் வெயில் வேண்டும்.

ஆனி மாதம் அவளுக்கு மூச்சு சரியில்லாமல் போனது. பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனோம். நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார்கள். அவளை வைத்திருந்த அறையில் ஜன்னல் கிடையாது. மெஷின் சத்தத்தில் வெளியே மழையா வெயிலா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

நான் மலையேறி வந்து சிக்கந்தரிடம் கேட்டேன். கண்ணுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தி வெயிலின் அளவை வைத்துக்கொள்ளும்படி சிலர் அந்த விளையாட்டை மாற்றியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சிக்கந்தருக்கு அது பிடிக்காது என்றும் தெரியும். அதைக் கேட்டு வந்த பையன்களை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"பொத்தான்ல வெயில் வச்சா அது ஏமாத்துதானே, பாய்?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகு எனக்கும் ரோட்டுக்கும்.

"வெளிய வெயில் இருக்குதாண்ணே?"

எட்டிப் பார்த்தேன். "கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?"

"ஒரு ரெண்டு இருக்கும்."

அவர் சுவரைப் பார்த்தபடியே விரலால் காற்றில் இரண்டு தடவை அழுத்தினார். பிறகு ஸ்டூலைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். கண் இல்லாத கேசட் ரெஜினாவுக்கு. அவள் விட்ட இடத்தை அப்படியே அதில் ஏற்றியிருந்தார். கண் உள்ள கேசட்டும் இன்னொரு கருவியும் எனக்கு. நான் வெளியே போய் வெயிலைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அவள் அந்த எண்ணை வைக்க வேண்டும். பார்க்கிறவர் பொத்தானைத் தொடக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு எண்தான். விளையாட்டுக்குள்ளேயே ஒரு வெயில் நோட்டும் வைத்திருந்தார். எந்தத் தேதியில் எத்தனை என்று அதில் பதிந்துவிடும். மாற்ற முடியாது.

ரெஜினாவிடம் சொன்னபோது சிரித்தாள். "உங்களை வெயில் பார்க்குற ஆளாப் போட்டுட்டாரா பாய்?" என்றாள்.

தினம் பதினொரு மணிக்கு முன்னால் மருத்துவமனை வாசலில் போய் நிற்பேன். கருவியைப் பாலித்தீன் உறையில் போட்டு வானத்துக்குக் காட்டுவேன். ஆட்டோக்காரர்கள் நான் சிக்னல் தேடுவதாக நினைத்துக்கொண்டார்கள். மலைக்குக் கீழேயும் அந்த வருடம் மழை விடவில்லை. ஒன்று. இரண்டு. பூஜ்யம். ஒன்று. மேலே போய்ச் சொல்வேன். அவள் வைப்பாள். அந்தப் பெண் ஏழாவது கதவுக்கு முன்னால் கூடையோடு நிற்பாள். திறக்காது. அவளுக்கு வருத்தமே இல்லை. மழை எப்படிப் பெய்கிறது, சாரலா அடிமழையா, ரோட்டில் யார் குடை இல்லாமல் போகிறார்கள் என்று கேட்பாள். நான் பார்த்ததையெல்லாம் சொல்வேன். சொல்வதற்காகவே பார்க்க ஆரம்பித்தேன்.

பத்தாம் நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இனி ஒரு நாளோ இரண்டு நாளோ என்றார்.

பதினொன்றாம் நாள் வாசலில் நின்றேன். நல்ல மழை. குடையை லாட்ஜில் மறந்துவிட்டேன். கட்டம் ஒன்றுகூட நிறையவில்லை. ரொம்ப நேரம் நின்றேன். பிறகு மாடிக்குப் போய் ஆறு என்று சொன்னேன்.

ஆவணி பிறந்த பிறகுதான் மறுபடி கடைக்குப் போனேன். அவளுடைய கருவியை நான் திறந்து பார்க்கவே இல்லை. கண் உள்ள கேசட்டோடு சேர்த்துச் சிக்கந்தரின் மேஜை மேல் வைத்தேன். அன்றும் மழை. அவர் டீ சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். கதவு திறந்ததா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்றேன்.

அவர் புது பேட்டரி போட்டுத் திருப்பி என்னிடமே கொடுத்தார். "நீங்களே பாருங்க."

கதவு மூடியிருந்தது. அந்தப் பெண் அதற்கு முன்னால் நின்றாள். நோட்டைத் திறந்தேன். பதினொரு நாள், பதினொரு எண். கடைசி நாளுக்கு நேராகப் பூஜ்யம்.

"நான் ஆறுன்னு சொன்னேன், பாய்."

"அன்னிக்கு வெளிய எவ்வளவு இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அக்காவும் அதத்தான் வச்சிருக்காங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருடத்தில் அவளிடம் நான் பொய் சொன்னதில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். அது தெரிந்தே போயிருக்கிறாள். ஒரு மாதமாகக் கதவு திறந்ததா என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அந்தக் கேள்வி போய் வேறு ஒன்று வந்துவிட்டது.

"என் மேல கோபத்தோட போயிருப்பாளா, பாய்?"

சிக்கந்தர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண் உள்ள கேசட்டைத் தன் கருவியில் போட்டார். அதை ஒரு பாலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். நடுரோட்டில் போய் நின்று வானத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரு ஜீப்காரர் ஹார்ன் அடித்து, "பாய், டவர் கிடைக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிக்கந்தர் அசையவில்லை. மழை அவர் மேல் பெய்தது.

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தாடியிலிருந்து தண்ணீர் மேஜைக் கண்ணாடி மேல் சொட்டியது.

என் கையில் ரெஜினாவின் கருவி இருந்தது. அன்றைய எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றது.

"வெளிய எவ்வளவு, பாய்?"

"ஆறு" என்றார்.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நெற்றியில் மயிர் ஒட்டியிருந்தது. சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. நான் அவரைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். பிறகு என் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினேன்.

"தலையைத் துவட்டுங்க, பாய்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அவர் துவட்டினார். அவசரப்படாமல் காதுக்குப் பின்னாலும் துடைத்தார். துண்டை நாலாக மடித்து என் மடியில் வைத்தார்.

"என் மேல கோபமாண்ணே?" என்று கேட்டார்.

ஆறிப்போன டீயைக் குடித்தோம்.

பதினான்கு வருடம் ஆகிறது. பேட்டரி மாற்றினால் கருவி இன்னும் ஓடுகிறது. நோட்டில் அவள் வைத்த பூஜ்யத்துக்குக் கீழே நான் வைத்த பூஜ்யம் இருக்கிறது. கதவு மூடியிருக்கிறது.