வடிவுநாச்சியின் ஒட்டுப்போர்வை

ஊருக்கு ஒரு ராஜா, ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு மலை என்று இருந்த காலத்தில் நடந்தது இது. மலையடிவாரத்தில் சாரலூர் என்று ஒரு நகரம். அங்கே ஆண்ட ராஜா நல்லவர்தான். ஆனால் கேளுங்கள், இது ராஜா கதை இல்லை. அந்த நகரத்து ஜவுளி வியாபாரி ஒருவரின் மனைவி கதை.

அவள் பெயர் வடிவுநாச்சி. அவள் கணவர் தெய்வச்சிலை, அரண்மனைக்கு அங்கியும் கூடாரமும் பல்லக்குத் திரையும் தைத்துக் கொடுக்கிறவர். கடையில் நாள் முழுக்கக் கத்தரி ஓடும். வெட்டி விழுந்த துண்டுகளைச் சாயங்காலம் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டுவிடுவார்கள்.

வடிவுநாச்சிக்கு அது பொறுக்கவில்லை. "கை வலிக்க வலிக்க நெய்த துணி. அதை நெருப்பிலா போடுவது?" என்றாள். துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். பட்டைப் பட்டோடும் பருத்தியைப் பருத்தியோடும் பிரித்து வைத்தாள். பழைய வேட்டிகளை அடுக்கி, மேலே துண்டுகளைப் பொருத்தி, அடியிலிருந்து மேல்வரை ஊசி ஓட்டினாள். ஒட்டுப்போர்வை ஒன்று உருவானது.

முதல் போர்வையைச் சந்தையில் மூட்டை தூக்கும் கிழவருக்குக் கொடுத்தாள். இரண்டாவதைக் குளத்தங்கரையில் காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கொடுத்தாள். மூன்றாவதை மலைப்பாதையில் போன ஒரு பரதேசிக்குக் கொடுத்தாள். எல்லாம் கோணல்மாணலானவை. நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் இருக்கும், கூடாரத் துணிக்குப் பக்கத்தில் சரிகை இருக்கும். ஆனாலும் தைத்து முடித்த மறுநாளே அவை யாரோ ஒருவரின் உடம்பைக் கதகதப்பாக்கின.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய ஓரகத்திகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கடை நிறையத் துணி. பெண்டாட்டி பொறுக்குறது குப்பை. கந்தல்நாச்சின்னு பேரை மாத்திக்கலாம்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். வடிவுநாச்சி கேட்காததுபோல் சாப்பிட்டு எழுந்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்து, அவளோடு படுத்து, அவளோடு எழுந்தது.

அந்த வருஷம் கீழ்நாட்டில் மழை பொய்த்தது. சனங்கள் குடும்பம் குடும்பமாக மலையடிவாரத்துக்கு நடந்து வந்தார்கள். நகரத்துக்கு வெளியே, நான்கு பக்கமும் சுவரில்லாத ஒரு கல்மண்டபத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ராஜா கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். கஞ்சி வயிற்றுக்கு ஆயிற்று. மலையிலிருந்து இறங்கும் பனிக்கு என்ன செய்வது?

வடிவுநாச்சி மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே காத்தாயி என்று ஒரு பெண். வழியிலேயே புருஷனை இழந்தவள். பிறந்து சில நாளே ஆன ஆண்பிள்ளையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"இன்னும் வைக்கலம்மா. ஊர் திரும்பினதும் குலசாமி முன்னால வைக்கணும்."

வடிவுநாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் பிள்ளைக்கு நான் போர்வை தைத்துத் தருகிறேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அன்றைக்கே ஊசியில் நூல் கோத்தாள்.

போர்வை பாதி வளர்ந்திருந்தபோது தெருவில் முரசு கொட்டியது. "தை முதல் நாள், கோயில் வாசலில், மகாராஜா தம் கையாலேயே ஏழைகளுக்குத் தானம் கொடுக்கப் போகிறார். கொடுக்க விரும்புகிறவர்கள் கொண்டுவந்து சேர்க்கலாம்!"

வடிவுநாச்சியின் ஊசி நின்றது. ஊரே கூடும். ஓரகத்திகளும் வருவார்கள். இந்த ஒட்டுப்போர்வையை ராஜா உயர்த்திப் பிடித்தால் அவர்கள் முகம் எப்படி இருக்கும்?

அவள் தைத்ததைப் பிரித்தாள். நடுவில் சிவப்புப் பட்டில் தாமரை வேண்டும் என்று நினைத்தாள். சுற்றிலும் கிளிகள் வேண்டும். ஓரத்தில் சரிகை வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் அடிப்போர்வை தயாராகிவிட்டது. எடுத்துப் போர்த்தினால் குளிர் தாங்கும். தாமரைதான் இன்னும் பூக்கவில்லை.

காத்தாயி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, போர்வை முடிஞ்சுதாம்மா?"

"நடுவுல கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. போயிட்டு அப்புறம் வா."

காத்தாயி போனாள். தாமரை பூத்தது.

மார்கழி பிறந்து பனி கொட்டத் தொடங்கியது. காத்தாயி மறுபடி வந்தாள். அவள் உதடு வெடித்திருந்தது. "அம்மா, போர்வை முடிஞ்சுதாம்மா? பிள்ளைக்கு மூக்கடைச்சுக்கிட்டு பால் குடிக்க மாட்டேங்குறான்."

கிளிகள் பாக்கி இருந்தன. அதை எப்படிச் சொல்வது? வடிவுநாச்சி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "துணி போதல காத்தாயி. கடையில துண்டு விழுந்தாத்தானே நான் தைக்க முடியும்?"

அவள் அதைச் சொன்னபோது, கதவுக்குப் பின்னால் இருந்த மரப்பெட்டி மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"துணியா போதல?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு காத்தாயி திரும்பிப் போனாள்.

மறுநாள் காலையில் மூன்றாவது முறை வந்தாள். தலைமயிரெல்லாம் பனி. கையில் மடித்த துணி ஒன்று.

"என் சேலையில பாதிம்மா. நைஞ்சு போகாத பக்கமாப் பாத்துக் கிழிச்சேன். பிள்ளையை இதுலதான் சுத்தி வச்சிருந்தேன். இதையும் சேர்த்து வச்சு, சீக்கிரமா முடிச்சுருங்க."

இங்கேதான் வடிவுநாச்சிக்குச் சோதனை வந்தது. பெட்டியைத் திறந்து, கிளி இல்லாவிட்டால் போகிறது என்று, அந்தப் போர்வையை எடுத்து நீட்டியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அப்படிச் செய்தால் நேற்றுச் சொன்ன பொய் வெளியே வந்துவிடும். அவள் கையை நீட்டினாள். அந்தத் துணியை வாங்கிக்கொண்டாள்.

காத்தாயி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

துணி அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது. புகையும் பாலும் கலந்த வாசம் அடித்தது. பட்டுத் தாமரைக்குப் பக்கத்தில் அது எங்கே ஒட்டும்? வடிவுநாச்சி அதைப் பழந்துணிக் கூடையில் போட்டாள். வீட்டு வேலைக்காரி அதைக் கிழித்து, மார்கழி விளக்குகளுக்குத் திரியாகத் திரித்துவிட்டாள். வடிவுநாச்சி அதைப் பார்த்தாள். தடுக்கவில்லை. கிளிக்குப் பச்சைத் துண்டு தேடிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தது. கோயில் வாசலில் ஊர் திரண்டது. ராஜா போர்வையை உயர்த்திப் பிடித்தார். வெயில் பட்டுத் தாமரை ஜொலித்தது. ஓரகத்திகள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். வடிவுநாச்சி எத்தனையோ முறை மனசுக்குள் பார்த்த காட்சி அப்படியே நடந்தது.

"இவ்வளவு அழகாக, யாரை நினைத்துத் தைத்தாய் அம்மா?" என்று ராஜா கேட்டார்.

"கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, மகாராஜா. அதோ, அந்த வரிசையில் நிற்கிறாள்."

காத்தாயி படியேறி வந்தாள். அரைச் சேலைதான் கட்டியிருந்தாள். இரண்டு கையும் வெறுமனே தொங்கின.

வடிவுநாச்சி ஓர் அடி முன்னால் வந்தாள். "பிள்ளை எங்கே காத்தாயி?"

"போயிட்டான்மா. ஒருநாள் காலையில தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்தான். சூடு வரும் வரும்னு மடியிலயே வச்சிருந்தேன். வரல."

ராஜா போர்வையை அவளிடம் நீட்டினார். காத்தாயி வாங்கினாள். தாமரையைப் பார்க்கவில்லை. ஓரம் ஓரமாகத் திருப்பினாள். பின்பக்கம் புரட்டினாள். மறுபடி முன்பக்கம் புரட்டினாள்.

"என் துணி எங்கம்மா?"

வடிவுநாச்சி போர்வையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அதை மட்டும் பிரிச்சுக் குடுங்கம்மா. போர்வையை வேற பிள்ளைக்குக் குடுத்துருங்க. அந்தத் துணியில அவன் வாசம் இருக்கும். எனக்கு அது போதும். எங்கம்மா வச்சுத் தைச்சீங்க?"

ராஜா பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"தைக்கல" என்றாள் வடிவுநாச்சி. "விளக்குத் திரியாக்கி எரிச்சாச்சு. துணி போதலன்னு சொன்னது பொய், காத்தாயி. பெட்டி நிறைய இருந்துச்சு."

காத்தாயி அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. போர்வையை மடித்துப் படியில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனாள். கூட்டம் விலகி வழிவிட்டது.

வடிவுநாச்சி வீட்டுக்கு ஓடிப் பெட்டியைக் கவிழ்த்தாள். கடைத் தையற்காரர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தாள். நிறம் பார்க்காமல், மூலை பார்க்காமல், கை போன போக்கில் தைத்தாள். தைத்து முடிந்ததையெல்லாம் அப்போதைக்கப்போது தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். எல்லோருக்கும் போர்வை கிடைத்தது. ஆனால் அதற்குள் பனி குறைந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காத்தாயி அங்கே இல்லை. கிழக்கே போனாள் என்றார் ஒருவர். தெற்கே போனாள் என்றார் இன்னொருவர். எங்கே போனாளோ தெரியாது என்றார் மூன்றாமவர். வடிவுநாச்சி ஆள் விட்டுத் தேடினாள், தானே வண்டி கட்டிக்கொண்டும் தேடினாள். அகப்படவேயில்லை.

அதன்பிறகு அவள் வெகுகாலம் வாழ்ந்தாள். அவள் கையிலிருந்து எத்தனையோ போர்வைகள் போயின. ஒன்றிலும் பூ இல்லை, கிளி இல்லை. போர்வை வாங்கிக்கொண்டவர்கள் "நீ நல்லா இருக்கணும் தாயே" என்று வாழ்த்துவார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாகும்வரை அந்த வாழ்த்தில் ஒன்றைக்கூட அவளால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

ஆகவே, கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்வது இதுதான்: அடுத்தவர் குளிருக்கென்று செய்ததை நம் பெருமைக்காக ஒரு நாள் நிறுத்தி வைத்தாலும், அது தானமாகாது, திருட்டாகிவிடும்.