கோரையேரியில் அரசருக்கு இடம் பார்த்த கதை

நூற்றெண்பது நாழிகை. அதாவது மூன்று முழு நாள். விகடகவி வெண்காடனுக்கு அரசர் கொடுத்த கெடு அவ்வளவுதான். முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று யாரும் எழுதி வைக்காத ஒரு நாட்டில் இது நடந்தது.

அந்த நாட்டு அரசருக்கு வாத்து வேட்டை என்றால் உயிர். மார்கழி பிறந்தால் வில்லும் பரிவாரமுமாகக் கோரையேரிக்குக் கிளம்பிவிடுவார். கோரையும் அல்லியும் மண்டிய சதுப்பு ஏரி அது. ஆயிரக்கணக்கில் வாத்துகள் வந்து இறங்கும். ஆனால் அரசர் இதுவரை ஒன்றைக்கூட அடித்ததில்லை. "இடம் சரியில்லை" என்பார். உடனே அவையில் எல்லோரும் "இடம் சரியில்லை" என்பார்கள். சென்ற ஆண்டு இடம் காட்டியவன் பறவை பிடிக்கும் காரி. சரியான இடம் கிடைக்கும் வரை அவன் சிறையில் இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

அமைச்சர் விழுப்பரையருக்கு வெண்காடனைப் பிடிக்காது. அரசர் அவனிடம் மட்டும் சிரித்துப் பேசுவதுதான் காரணம்.

"அரசே, காட்டில் திரிகிறவனுக்கு என்ன தெரியும்? இந்த முறை நம் வெண்காடனே இடம் பார்க்கட்டும்" என்றார்.

அரசருக்கும் அது பிடித்துப்போயிற்று. "எனக்குத் தூரத்து வாத்து வேண்டாம், வெண்காடா. நான் கை நீட்டினால் தொட வேண்டும். அப்படி ஓர் இடம் பார்."

விழுப்பரையர் கட்டளையை ஓலையில் தாமே எழுதினார். மறைப்புத் தட்டி கூடாது, வலை கூடாது, கண்ணி கூடாது, அரசருடன் வேறு ஆள் கூடாது. தவறினால் காரிக்கு ஆயுள் சிறை, வெண்காடனுக்கு நாடு கடத்தல்.

முதல் நாள் வெண்காடன் காரி காட்டிய இடத்துக்கே போனான். கரையில் இறகும் எச்சமும் நிறையக் கிடந்தன. காற்று கரையிலிருந்து நீரை நோக்கி வீசியது. வாத்து காற்றை எதிர்த்து இறங்கும் பறவை. ஆகவே ஒவ்வொரு கூட்டமும் கரையைப் பார்த்தபடியே வந்து இறங்கியது. இதைவிட நல்ல இடம் அந்த ஏரியில் இல்லை.

காரியின் மனைவி வேம்பி அங்கே கோரை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் அரசர் விட்ட அம்பெல்லாம் எங்கே விழுந்துச்சு, தெரியுமா?" என்று வெண்காடன் கேட்டான்.

"நான்தானே சாமி பிடுங்கினேன். எல்லாம் அந்த மொட்டைக் கட்டையிலதான் குத்திக்கிட்டு நின்னுச்சு."

அவள் காட்டிய பக்கம் பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை நீரில் கறுப்பாக நின்றது. வாத்துகள் அதற்கு இருபது முழம் இடப்பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

"எத்தனை அம்பு?"

"முப்பத்தேழு."

"முப்பத்தேழுமா கட்டையில?"

"முப்பத்தேழும்."

வெண்காடன் கட்டையையும் வாத்துகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன சாமி, ஏதோ தெரிஞ்சுபோச்சு போல?"

"தெரிஞ்சுபோச்சும்மா. வெளியில சொன்னா காரி பக்கத்துல எனக்கும் ஒரு பாய் போட்டுடுவாங்க."

"அப்ப சொல்லாதீங்க. சொல்லாமலே அவரை வெளியில கொண்டுவர முடியுமா?"

"நீங்க வாத்தை எப்படிப் பிடிப்பீங்க, அதைச் சொல்லு முதல்ல."

வேம்பிக்குச் சிரிப்பு வந்தது. "எங்ககிட்ட வில்லா இருக்கு? பானைதான். பழைய பானையைக் கவுத்து மெதக்க விடுவோம். ரெண்டு நாள் வாத்து அதை மொறைச்சுப் பாக்கும். மூணாம் நாள் பக்கத்துலயே தூங்கும். அப்புறம் கண்ணுக்கு ஓட்டை போட்ட பானையைத் தலையில கவுத்துக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில மெதுவா நடந்து போய், காலைப் பிடிச்சு உள்ள இழுக்கறதுதான்."

அன்று மாலைக்குள் கோரையேரியில் பன்னிரண்டு பானைகள் மிதந்தன. அவற்றில் ஒன்று வேம்பியின் சோற்றுப்பானை. கணவனைச் சிறையில் வைத்த அரண்மனையின் ஆளுக்கு அவள் அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வெண்காடன் அவளைப் பார்த்துக் கைகூப்பினான். அவள் அடுத்த பானையை எடுக்கப் போய்விட்டாள்.

விழுப்பரையரின் ஒற்றன் ஓடிப்போய்ச் சொன்னான்: "ஏரியில பானை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், ஐயா."

"விடட்டும்" என்றார் அவர். "நாடு கடத்தும்போது ஒரு பானையைக் கையில் கொடுத்து அனுப்புவோம்."

கெடு முடிந்த காலையில் அரசர் வந்தார்.

"இடம் எங்கே?"

வெண்காடன் ஓட்டை போட்ட பானை ஒன்றை நீட்டினான். "இதற்குள், அரசே. காரியின் மனைவி வேம்பி கொடுத்தது."

"அரசர் பெருமான் தலையில் மண்பானையா?" என்றார் விழுப்பரையர்.

"ஓலையைப் படியுங்கள், அமைச்சரே. தாங்கள் எழுதியதுதான். மறைப்புத் தட்டி, வலை, கண்ணி, ஆள். பானை கூடாது என்று எங்கே இருக்கிறது? அதோ பன்னிரண்டு மிதக்கின்றன. வாத்துக்கு இது பதின்மூன்றாவது."

அரசர் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றி விழுப்பரையர் கையில் கொடுத்துவிட்டு நீரில் இறங்கினார்.

பதின்மூன்றாவது பானை மெல்ல நகர்ந்தது. வாத்துகள் சற்று விலகின, மறுபடி கூடின. ஒன்று பானையை உரசிக்கொண்டே மேய்ந்தது. அரை நாழிகை ஆகியும் எந்த வாத்தும் நீருக்குள் இழுக்கப்படவில்லை.

"பிடிக்க முடியவில்லை, பார்த்தீரா" என்றார் விழுப்பரையர்.

அரசர் திரும்பி வந்தார். பானையைக் கழற்றினார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"தொட்டேன்" என்றார். "மூன்று முறை தொட்டேன். பிடிக்க மனம் வரவில்லை. அதன் அலகின் நுனி மஞ்சள். அடியில் இரண்டு சிவப்புப் புள்ளி. உமக்குத் தெரியுமா, விழுப்பரையரே?"

"எல்லோருக்கும் தெரியுமே, அரசே."

அரசர் வெண்காடன் பக்கம் திரும்பினார். "வெண்காடா, இது காரி காட்டிய இடம்தானே?"

"அதே இடம்தான். ஒரு முழம்கூட மாற்றவில்லை."

"அப்படியானால் சென்ற ஆண்டு என்ன தவறு?"

வெண்காடன் தலை குனிந்தான். "தாங்கள் எய்த முப்பத்தேழு அம்பும் அந்த மொட்டைக் கட்டையில் இருந்தன, அரசே. ஒன்றுகூடக் குறி தப்பவில்லை."

அரசர் ஏரியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பானையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். "நீ சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து" என்றார்.

கரையில் நின்ற வேம்பியிடம் தாமே போனார். "உன் பானைக்கு நன்றி, அம்மா."

"அது அவரு பானைங்க, சாமி. அவரையும் பானையையும் சேத்துக் குடுத்துடுங்க."

"இன்றைக்கே வருவான். அவனிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும்."

"மன்னிப்பா?" விழுப்பரையர் கிரீடத்தோடு முன்னால் வந்தார். "அரசே, அவன் காட்டிய இடம்..."

"இடத்தில் குறையில்லை" என்றார் அரசர், எல்லோருக்கும் கேட்கும்படி. "பத்தடிக்கு அப்பால் எனக்கு எல்லாம் புகைதான். சிறு வயதிலிருந்தே எனக்குக் கண் சரியாகத் தெரியாது."