வெள்ளையடித்துவிட்டுப் போன பேய்கள்

முன்னொரு காலத்தில், மழையும் வரியும் அளவோடு விழுந்த ஒரு நாட்டில், மன்னருக்கு ஓர் ஆசை முளைத்தது.

"கடைவீதி வணிகர் உறங்குகிறார், அவர் வீடுகள் விழித்திருந்து வாடகை சம்பாதிக்கின்றன. எனக்கு ஏன் அப்படி ஒரு தெரு இல்லை?" என்றார்.

கேட்ட கையோடு வணிகர்களிடம் வட்டிக்குக் கடன் வாங்கி, சந்தைக்குப் பின்னால் ஒரு தெருவையே கட்டிவிட்டார். வருகிற வாடகையில் வட்டி கட்டுவது, மிஞ்சுவதில் முதலை அடைப்பது என்பது அவர் கணக்கு.

குடிவைப்பதற்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவரை, "இவரை எனக்குத் தெரியும்" என்று ஒருவர் ஊரறியச் சொல்ல வேண்டும். குடி வாடகை தராவிட்டால், தெரியும் என்று சொன்னவர் தர வேண்டும். காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும். மன்னர் அதையே தம் தெருவுக்கும் ஆணையாக்கினார்.

பொக்கிஷ அதிகாரி கனகராயருக்கு வயிறு எரிந்தது. பழைய தெருவில் அவருக்கும் வாடகை வீடுகள் இருந்தன. மழை அங்கே முதலில் உள்ளே பெய்துவிட்டுத்தான் வெளியே பெய்யும். புதுத்தெரு நிறைந்தால் அவர் தெருவில் காக்கை கூட இராது.

"மன்னவா," என்றார் அவர் சபையில், "சபையைச் சிரிக்க வைக்கும் அம்பலத்தாடியார் தெருவையும் நிரப்பட்டுமே! தை பிறந்தும் வட்டிக்கு வாடகை சேராவிட்டால், அவர் வீட்டை விற்றுக் கட்டுவோம். என்ன விகடரே, பயமா?"

அம்பலத்தாடியார் விகடகவிதான், ஆனால் முதுகு வளையாத குடும்பம். பாட்டனார் தாமே மண் மிதித்துக் கட்டிய வீடு அது. அந்தப் படியேறிக் கடன் கேட்டவர் உண்டு. கடன் கேட்க அந்தப் படியிறங்கியவர் இல்லை. அதைப் பணயம் வைப்பதா? ஆனால் சபை நடுவே 'பயமா' என்று கேட்டுவிட்டார்களே!

"சம்மதம்" என்றார்.

புதுத்தெருவுக்கு முதலில் வந்தவள் எண்ணெய் விற்கும் செண்பகம். வீட்டைப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்தாள். மறுநாள் முன்பணத்தோடு வர வேண்டியவள் வெறுங்கையோடு வந்தாள்.

"மன்னிச்சிடுங்க சாமி. வீட்டுக்கு வீடு பேய் குடியிருக்காமே. எனக்குப் பேயும் வேணாம், வீடும் வேணாம்."

"யார் சொன்னது?"

"கனகராயர் ஐயாவே கண்ணால பாத்தாராம்! சந்தையெல்லாம் அதே பேச்சு."

அதன்பின் அந்தத் தெருப்பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. தை நெருங்கியது. அம்பலத்தாடியார் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"வாக்குக் கொடுத்தது நீங்க. சோறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி உமையாள்.

"பாட்டனார் வீடு போய்விடுமே, உமையா."

"போனா என்ன? அந்தப் பேய்ங்களோட நாமளும் போயி இருந்துக்கலாம். நம்மளத் தெரியும்னு சொல்ல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். பேய்ங்களுக்காச்சும் கனகராயர் இருக்காரு!"

பிசைந்த கை நின்றது. பிறகு அந்த மனிதர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்.

தை முதல் வாரம் சபை கூடியது. கனகராயர் முந்திக்கொண்டார். "மன்னவா, தெரு முழுவதும் காலி. விகடர் வீட்டை விற்க உத்தரவு வேண்டும்."

"காலியா?" என்று அம்பலத்தாடியார் வியந்தார். "வீட்டுக்கு வீடு பேய் குடியிருப்பதாகத் தாங்கள்தானே சொன்னீர்கள்? பொய்யா அது? மன்னர் சொத்தின் மீது பொய்யா?"

பொய் என்றால் தலை தப்பாது. கனகராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "சத்தியம்! என் கண்ணாலேயே பார்த்தேன்."

"ஏதேனும் நிழலாக இருக்குமோ?"

"நிழலா! ஒவ்வொன்றையும் அடையாளம் தெரியும் எனக்கு. தெருமுனை வீட்டில் கூந்தல் விரித்த கிழவி. அடுத்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும். கட்டி முடித்த நாள் முதல் இருக்கிறார்கள்!"

அம்பலத்தாடியார் மன்னரை வணங்கினார். "அரசே, தெரு நிறைந்திருக்கிறது. குடிகளை ஒருவர் தெரியும் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறார். சபையறியச் சத்தியமும் செய்துவிட்டார். அவர்கள் இதுவரை வாடகை தரவில்லை. வழக்கப்படி யார் தர வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லுங்கள்."

 மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது.

"கனகராயரே, உமது உறவினர்களின் வாடகையை எடுத்து வையும்!"

"பெருமானே, இன்றே அவற்றைக் காலி செய்ய வைக்கிறேன்!" என்று கனகராயர் கதறினார்.

"நல்லது," என்றார் அம்பலத்தாடியார். "போகும் குடி வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டுமே. பேய்களுக்குச் சுண்ணாம்பு மட்டை பிடிக்கத் தெரியுமோ என்னவோ."

வாடகையும் வந்தது, வட்டியும் அடைந்தது. பேய்கள் போய்விட்டன என்று சந்தையில் பறை அறைந்தவரும் கனகராயரே. வெள்ளையடிக்கக் கூலி கொடுத்தவரும் அவரே.

மன்னர் பொற்கிழியை நீட்டினார். அம்பலத்தாடியார் கை நீட்டவில்லை. "முதலில், என் பாட்டனார் வீட்டின் மேல் இனி எவரும் பந்தயம் பேசலாகாது என்று ஒரு வார்த்தை."

"தந்தேன். என் பிள்ளைகளும் பேச மாட்டார்கள்" என்றார் மன்னர், இன்னும் சிரித்தபடியே. அதன் பிறகே கிழி கை மாறியது.

பளிச்சென்று நின்ற தெருவுக்கு அந்த வாரமே குடிகள் திரண்டார்கள். முன்னால் செண்பகம், பின்னால் கனகராயரின் ஒழுகும் வீடுகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும். அவர்களைத் தெரியும் என்று சொல்ல, இத்தனை நாள் அவர்களிடம் வாடகை வாங்கியவரைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் யார்? மன்னர் அவரையே கூப்பிட்டு அனுப்பினார்.